காவல் வேண்டாத சூப்பு

“நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று எமது கிராமங்களில் ஒரு பெண்ணிடம் கேட்டால், “ஒரு வேலையும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். காலை 4.30 மணிக்கு எழுந்து, முற்றம் கூட்டி, தண்ணீர் அள்ளி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, மீண்டும் மதியச் சமையலுக்காக அடுப்படியில் குந்தியிருக்கும் பெண்தான் இப்படிச் சொல்கிறாள். சமூகவியல் படித்த காலத்தில் ‘ஊதியமற்ற உழைப்பு’ என்ற சொல்லைப் புத்தகத்தில் கண்டேன். அதற்குள் எத்தனை மணித்தியாலங்கள் அடங்கியிருக்கின்றன என்பதைத் தேற்றாத்தீவிலும் அயல் ஊர்களிலும் வீடு வீடாகச் சென்று வேலை செய்யும்போதுதான் பார்த்தேன். 2017 ஆம் ஆண்டு எமது நாட்டின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் முதன்முறையாக நாடு முழுவதும் நேரப் பயன்பாடு பற்றிய ஆய்வொன்றை நடத்தியது. சமையல், துப்புரவு, பராமரிப்பு ஆகிய வேலைகளுக்கு ஆண்களைவிடப் பெண்களே மிகக் கூடுதலான நேரத்தைக் கொடுக்கிறார்கள் என்பது அதில் பதிவாகியுள்ளது. எமக்குத் தெரிந்த விடயம்தான். ஆனாலும் அரசாங்கக் கணக்கில் ஏறியது நல்லதே.

போர் ஓய்ந்த பின்னர் எமது பகுதிக்குப் பல உதவிகள் வந்தன. கோழிக்குஞ்சு கொடுத்தார்கள், ஆடு கொடுத்தார்கள், தையல் இயந்திரம் கொடுத்தார்கள். பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வோர் உதவியும் தன்னோடு ஒரு வேலையையும் கூட்டிக்கொண்டு வந்தது. கோழிக்குத் தீன் போட வேண்டும், ஆட்டுக்குக் குழை வெட்ட வேண்டும். கணவனை இழந்து, அல்லது கணவனைத் தேடியபடி, தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் ஒரு பெண்ணுக்கு நேரத்தைக் கொண்டுவந்து கொடுத்த உதவி மிகக் குறைவு. அந்த நேரத்தைப் பற்றிப் பேசவே இந்த மாதம் ஒரு கோழிச் சூப்பை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

தேற்றாத்தீவை அறியாத வாசகிகளுக்காக ஒரு சிறு அறிமுகம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் பிரதான வீதியில், செட்டிபாளையத்தையும் மாங்காட்டையும் தாண்டினால் வரும் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அடுத்த ஊர் வெற்றிலைக்குப் பெயர் போன களுதாவளை. மட்டக்களப்பு வழக்கப்படி இங்கும் வீடு வளவு பெண் பிள்ளைக்கே சீதனமாகப் போகும். மருமகன்தான் மனைவி வீட்டுக்கு வருவான். ஆகவே அடுப்படி பெண்ணுக்குச் சொந்தம். ஆனால் அடுப்படியில் செலவாகும் நேரம் அவளுக்குச் சொந்தமாக இருப்பதில்லை.

இந்த ஊரில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருவர் இருக்கிறார். 1990 ஆம் ஆண்டு கணவர் காணாமற் போனபோது அவருடைய மகளுக்கு ஒரு வயது. கூலி வேலை செய்து மகளை வளர்த்தார். பின்பு குவைத்துக்குப் போய் எட்டு வருடம் வீட்டு வேலை செய்து திரும்பினார். இப்போது மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள். மகளின் இரண்டு பிள்ளைகளையும், எண்பது வயது தாண்டிப் படுக்கையில் இருக்கும் தன் தாயையும் அக்காதான் பார்க்கிறார். நான்கு தலைமுறையின் பாரம் ஒரு பெண்ணின் தோளில் இருக்கிறது.

அக்காவுக்கு இரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. மாதக் கிளினிக்குக்குப் போக வேண்டும். அவருடைய கிளினிக் புத்தகத்தைப் பார்த்தபோது மூன்று மாதம் போகவில்லை என்று தெரிந்தது. காரணம் கேட்டேன்.

“கிளினிக்குக்கு விடியப் போனாலும் வரப் பகல் திரும்பிரும் மகள். அம்மாக்குப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு குடுக்கணும். புள்ளைகள் ஒண்டரைக்கு வந்திருங்கள். பக்கத்து வீட்டுப் புள்ள வந்து அம்மாக்குப் பக்கத்தில இருப்பாள். சமைச்சும் தாகா எண்டு எப்படிக் கேக்கிற?”

மருந்து இலவசம். பஸ்சுக்கும் காசு இருக்கிறது. அடுப்புக்குக் காவல் இருக்க ஆள் இல்லாததால் ஒரு பெண்ணின் நோய் பார்க்கப்படாமல் கிடந்தது.

அந்த வீட்டு அலுமாரியின் மேல் பழைய சேலையால் சுற்றிய பெட்டி ஒன்று இருந்தது. குவைத்திலிருந்து கொண்டுவந்த ‘ஸ்லோ குக்கர்’ அதற்குள் இருந்தது. நான் இங்கே மின்சட்டி என்றே எழுதுகிறேன். வெளியே மின்சாரத்தால் சூடேறும் ஒரு கூடு, உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. குறைந்த சூடு, கூடிய சூடு என்று இரண்டு நிலைகள். அவ்வளவுதான். கரி பிடிக்காது, பொங்கி வழியாது, பக்கத்தில் நின்று கிளறவும் தேவையில்லை. எட்டு வருடம் அந்த வீட்டு எசமானிக்கு இதில் சமைத்துக் கொடுத்த அக்கா, தன் வீட்டில் அதை ஒரு நாளும் எடுக்கவில்லை. மின்சாரக் கட்டணத்துக்குப் பயம்.

அதை எமது மாதர் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துவரச் சொன்னேன். அடியில் 200 வாற்று என்று இருந்தது. கணக்குப் பார்த்தோம். 1000 வாற்று மின்னழுத்தியை ஒரு மணித்தியாலம் தொடர்ந்து சூடாக்கினால் ஓர் அலகு மின்சாரம். இந்தச் சட்டி ஐந்து மணித்தியாலம் வேலை செய்தாலும் அதே ஓர் அலகுதான். வாரத்தில் ஒரு நாள் பாவித்தால் மாதத்துக்கு நான்கு அல்லது ஐந்து அலகு. விறகு வாங்கும் காசையும் எரிவாயுவின் விலையையும் பெண்கள் தாங்களே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். “இதுக்கா இவ்வளவு காலமும் பயந்த?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நீண்ட காலம் சும்மா கிடந்த பொருள் என்பதால், மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு வயரையும் பிளக்கையும் சோதித்த பின்பே பாவித்தோம்.

இந்தச் சட்டியின் கதையும் பெண்களோடு சம்பந்தப்பட்டதுதான். அமெரிக்காவில் இர்விங் நக்சன் என்ற யூதர் இதைக் கண்டுபிடித்து 1940 இல் காப்புரிமை பெற்றார். யூதர்களுக்கு வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வு நாள். அடுப்பு மூட்டக் கூடாது. லித்துவேனியாவில் இருந்த அவருடைய பாட்டி, பயறு வகையும் இறைச்சியும் போட்ட சட்டியை வெள்ளிக்கிழமை பேக்கரி வெதுப்பியில் வைத்துவிடுவாராம். தணலின் சூட்டில் இரவு முழுவதும் அது வெந்துகொண்டிருக்கும். தாய் சொன்ன இந்தக் கதையைக் கேட்ட மகன் அதை இயந்திரமாக்கினார். 1970 இல் அவருடைய தொழிலை வேறொரு நிறுவனம் வாங்கியது. 1971 இல் ‘குரொக் பொட்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது, வேலைக்குப் போகும் பெண்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ஒரு மூதாட்டியின் வெள்ளிக்கிழமைச் சட்டிதான் உலகமெல்லாம் சுற்றி, குவைத் வழியாகத் தேற்றாத்தீவு அலுமாரிக்கு வந்திருக்கிறது.

சரி, அதில் என்ன சமைப்பது? அக்கா குவைத்தில் பழகிய தாய்லாந்துக் கோழிச் சூப்பைச் சொன்னார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது மிகவும் விருப்பமாம். பெயர் ‘தொம் கா கை’. தொம் என்றால் கொதிக்க வைப்பது, கா என்றால் அரத்தை, கை என்றால் கோழி. “கா எண்டா எங்கட ஊர்ச் சொல்லுகா!” என்று ஒருத்தி சொல்ல, கூட்டம் முழுவதும் சிரிப்பு. மட்டக்களப்பில் பெண்ணைக் கூப்பிடுவதற்கு ‘கா’ போடாமல் எமக்கு வாய் வராது அல்லவா?

பெயர்தான் வெளிநாடு. உள்ளே போகும் பொருட்கள் எல்லாம் எமக்குத் தெரிந்தவை. தேங்காய்ப் பால், கோழி, கொச்சிக்காய், தேசிக்காய், அரத்தை, எலுமிச்சைப் புல். எலுமிச்சைப் புல்லைச் சிங்கள மக்கள் ‘சேர’ என்பார்கள். எம்மில் சிலரும் அப்படியே சொல்வதுண்டு. தாய்லாந்தில் போடுவது பேரரத்தை. எமக்கு அரத்தை என்றால் சளிக்கும் இருமலுக்கும் போடும் கசாயச் சரக்கு. அவர்களுக்கு அது சமையலறைப் பொருள். அவர்கள் உப்புக்கும் மணத்துக்கும் மீனை உப்பில் ஊறவைத்து வடித்த சாற்றை விடுவார்கள். நாம் அதற்குப் பதிலாக நெத்தலிக் கருவாட்டை அவித்து வடித்த தண்ணீரை விட்டோம். அவர்கள் போடும் ஒரு வகை மணமான எலுமிச்சை இலைக்குப் பதிலாக வளவில் நின்ற தேசியின் இளம் இலை. நன்றாக யோசித்தால் இது எமது சொதிக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

ஆறு பேருக்கு வேண்டியவை:

எலும்போடு வெட்டிய கோழி 1 கிலோ, ஒரு பெரிய தேங்காயின் முதற்பால் 1 கோப்பை, இரண்டாம் மூன்றாம் பால் 4 கோப்பை, எலுமிச்சைப் புல் 3 தண்டு, பச்சை அரத்தை 2 அங்குலம் (காய்ந்தது என்றால் காரம் கூட, 1 அங்குலம் போதும்), இஞ்சி ஒரு துண்டு, உள்ளி 4 பல், சின்ன வெங்காயம் 10, பச்சைக் கொச்சிக்காய் 4, இளம் தேசி இலை 4, நெத்தலிக் கருவாடு ஒரு சிறு பிடி, சிப்பிக் காளான் இருந்தால் ஒரு பிடி, இல்லையேல் பூசணித் துண்டுகள், தேசிக்காய் 2, உப்பு, கொத்தமல்லி இலை.

செய்முறை: காய்ந்த அரத்தையை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவையுங்கள். எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டை அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டி முடிச்சுப் போடுங்கள். அரத்தை, இஞ்சி, உள்ளி, வெங்காயம் ஆகியவற்றையும் தட்டிக்கொள்ளுங்கள். கருவாட்டைக் கழுவி, ஒரு கோப்பைத் தண்ணீரில் அவித்து வடித்து எடுங்கள். காலையில் சோறு ஆக்கும்போதே பக்கத்து அடுப்பில் இரண்டாம், மூன்றாம் பாலையும் கருவாட்டுத் தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்க விட்டு, கோழியையும் போட்டு ஒரு கொதி வந்ததும் நுரையை எடுத்துவிடுங்கள். இதைச் சூட்டோடு மின்சட்டிக்கு மாற்றி, தட்டிய சரக்குகள், தேசி இலை, கீறிய கொச்சிக்காய், பூசணி, அளவான உப்புச் சேர்த்து மூடுங்கள். பீங்கான் சட்டி குளிர்ந்திருந்தால் சுடுதண்ணீர் விட்டு முதலில் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த பீங்கானில் கொதிக்கும் சூப்பை ஊற்றினால் வெடித்துவிடும்.

கூடிய சூட்டில் 4 மணித்தியாலம், குறைந்த சூட்டில் 6 முதல் 7 மணித்தியாலம். இடையில் மூடியைத் திறக்க வேண்டாம். திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு இறங்கி நேரம் கூடும். கடைசி அரை மணித்தியாலத்தில் முதற்பாலையும் காளானையும் சேருங்கள். முதற்பாலை ஆரம்பத்திலேயே விட்டால் திரைந்து எண்ணெய் பிரியும். தேசிக்காய்ப் புளியைச் சட்டியை நிறுத்திய பின்பே விட வேண்டும். இல்லையேல் கசக்கும். புல், அரத்தை, இலை ஆகியவற்றை எடுத்துவிட்டு மல்லி இலை தூவுங்கள். சோற்றோடும் சாப்பிடலாம், தனியாகவும் குடிக்கலாம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். ஐஸ் உருகாத கோழியை மின்சட்டியில் போடக் கூடாது. அது சூடாக நேரம் எடுக்கும். இளஞ்சூட்டில் நீண்ட நேரம் கிடக்கும் இறைச்சியில் கிருமி பெருகும். சட்டியைச் சமமான சீமெந்துத் தரையிலோ மேசையிலோ, திரைச்சீலைக்கும் பிள்ளைகளின் கைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். சுவரில் உள்ள பிளக்கிலேயே நேராகச் செருகுங்கள். வேகும்போது மின்சாரம் நின்றால் உடனே அடுப்புக்கு மாற்றிக் கொதிக்க வையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் நின்று, எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால், அந்தச் சூப்பைச் சாப்பிட வேண்டாம். கோழியின் விலையைவிட வயிற்றோட்டத்தின் விலை கூட.

கிளினிக் நாள் வந்தது. காலை 7 மணிக்கு அக்கா சட்டியை மூடி, சுவிட்சைக் குறைந்த சூட்டில் போட்டுவிட்டு பஸ் ஏறினார். பக்கத்து வீட்டுப் பெண் அம்மாவோடு இருந்தாள். 12 மணிக்கு அவள் அம்மாவுக்குக் காலையில் எடுத்துவைத்த கஞ்சியைக் கொடுத்தாள். அக்கா 1 மணிக்கு வந்தார், முதற்பாலை விட்டார். பிள்ளைகள் 1.30 மணிக்கு வந்தபோது வாசலிலேயே மணம் கேட்டது. பதினொரு வயதுப் பேரன்தான் தேசிக்காய் பிழிந்தான். ஆண் பிள்ளையும் அடுப்படியில் ஒரு வேலை பழகட்டும் என்று அக்காவே அவனிடம் கொடுத்தார்.

அதன் பின்பு நடந்த ஒரு சிறு விடயத்தை நான் மறக்க முடியாது. இறைச்சி மிகவும் மெதுவாக வெந்திருந்ததால் எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது. பல் இல்லாத அம்மாவுக்காக அக்கா இறைச்சி முழுவதையும் பிய்த்துச் சூப்பிலேயே கலந்துவிட்டார். எமது வீடுகளில் கோழி சமைத்தால் கால் துண்டு யாருக்கு என்பது எழுதாத சட்டம். வீட்டு ஆணுக்கு, அவர் இல்லாவிட்டால் மகனுக்கு. சமைத்தவளுக்குக் கழுத்தும், சட்டியில் ஒட்டிய குழம்பும். இங்கே கால் துண்டு என்று ஒன்று இல்லை. ஐந்து கோப்பையிலும் ஒரே அளவு இறைச்சி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ஒன்று. அக்காவும் அவர்களோடு சேர்ந்து, சூடாக இருக்கும்போதே குடித்தார். “எல்லாரோடயும் இருந்து சாப்பிட்டு எவ்வளவு காலம்!” என்று மறுநாள் என்னிடம் சொன்னார்.

“எங்களிடம் மின்சட்டி இல்லையே” என்று நினைக்கும் சகோதரிகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. 2022 ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. எரிவாயு கிடைக்கவில்லை. மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. அந்த நாட்களில் எமது சங்கத்துப் பெண்கள் சிலர் வைக்கோல் பெட்டியில் சமைக்கப் பழகினார்கள். இதுவும் புதிய விடயமல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்கப் பிரித்தானியப் பெண்கள் இப்படிச் சமைத்தார்கள். தென்னாபிரிக்காவில் 2008 இல் சாரா கொலின்ஸ் என்ற பெண் இதே முறையைத் துணிப் பையாகத் தைத்து ‘வொண்டர் பாக்’ என்ற பெயரில் பரப்பினார்.

பெரிய அட்டைப் பெட்டி அல்லது மரப்பெட்டி ஒன்றை எடுங்கள். படுவான்கரை வயலில் அறுவடை முடிந்தால் காய்ந்த வைக்கோலுக்குக் குறைவில்லை. அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் தடிப்புக்கு அதை இறுக்கி அடைந்து, நடுவில் பானை இருக்க ஒரு குழி விடுங்கள். மேலே மூடுவதற்குப் பழைய சேலையில் வைக்கோல் அடைத்த தலையணை ஒன்று. இறுக்கமான மூடியுள்ள அலுமினியப் பானையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் சூப்பு இருக்க வேண்டும். கொஞ்சமாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். இறைச்சியைச் சிறிய துண்டுகளாக வெட்டி, 20 நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, கொதி அடங்குமுன் பானையைப் பெட்டிக்குள் இறக்கி மூடுங்கள். 3 மணித்தியாலம் திறக்க வேண்டாம். பின்பு வெளியில் எடுத்து மீண்டும் அடுப்பில் ஒரு கொதி வரும்வரை வைத்து, முதற்பால் சேர்த்து இறக்கிப் புளி விடுங்கள். அரை மணித்தியாலத்து விறகு போதும். புகைக்குள் இருக்கும் நேரமும் குறைகிறது.

ஊருக்குப் பெயர் தந்தது தேற்றா மரம் என்பார்கள். அதன் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கிய நீரை ஊற்றி வைத்தால் மண்டி அடியில் இறங்கி நீர் தெளியும். எமது பாட்டிமார் செய்த வேலை. அதற்கும் வேண்டியது கொஞ்சம் நேரமும், பானையை ஆட்டாமல் விடுவதும்தான். கலங்கிய மனதுக்கும் அப்படி ஆட்டாமல் விடும் ஒரு நேரம் வேண்டும். ஆற்றுப்படுத்தல் கூட்டங்களுக்குப் பெண்களை அழைக்கும்போது “வரத்தான் ஆசை, சமையல் கிடக்குது” என்ற பதிலை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்!

அக்காவின் மின்சட்டி இப்போது அலுமாரி மேல் இல்லை. அவருடைய விருப்பத்தின்படி சங்கத்தில் ஒரு கொப்பி போட்டு, தேவையான வீட்டுக்கு முறை வைத்துக் கொடுக்கிறோம். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஒருவர் அந்த நாளில் பிரதேச செயலகத்துக்குப் போய் நீண்ட காலமாகக் கிடந்த காணிக் கடிதத்தை எடுத்து வந்தார். ஒருவர் மகளின் பாடசாலைக் கூட்டத்துக்குப் போனார். அக்கா இரண்டு மாதமாகக் கிளினிக் தவறவில்லை.

இன்னொருவர் எங்கும் போகவில்லை. சூப்பை வைத்துவிட்டுப் பாயை விரித்து மூன்று மணித்தியாலம் தூங்கினாராம். அதைச் சொல்லும்போது ஏதோ களவு செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். சகோதரிகளே, சட்டி மிச்சம் பிடித்துத் தரும் நேரத்தை உடனே இன்னொரு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால் போங்கள், கூட்டத்துக்கு வாருங்கள். உடம்பு தூக்கத்தைக் கேட்டால் தூங்குங்கள். சூப்பு அது பாட்டுக்கு வேகும்.